ம எழுத்துக்கு லீவு

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி கீழே விழுந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவள். ராஜபாளையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, பிள்ளைகள்தான் எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வீட்டில் கேலி செய்தார்கள். அந்தப் பயமெல்லாம் சும்மா. நிஜப் பயம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மார்கழிக் காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வகுப்பில் முதலில் ட, அடுத்து ப, அப்புறம் ம. கோடு போட்டுப் பழகுகிற கைக்கு அந்த வரிசைதான் சுலபம். தரையில் சாக்பீஸால் எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். பிள்ளைகள் அதன் மேல் கொண்டைக்கடலையை அடுக்கி, விரலை ஓட்டிக்கொண்டே ஓசையைச் சொல்ல வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். கடலை என்னுடைய யோசனை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று ம. முன்வரிசையில் ஒரு நாலு வயதுக்காரி. வகுப்பிலேயே திருத்தமாகப் பேசுகிறவள் அவள்தான். அவள் வாயில் 'ம்' வரவில்லை, 'ப்' என்றே வந்தது. நாலு நாளாகச் சளி. ஒழுகுகிற மூக்கு அடுக்கிய கடலை மேல் சொட்டிவிடும் போலிருந்தது. எனக்கு எரிச்சல்.

"மூக்க நல்லா உறிஞ்சிட்டுச் சொல்லு" என்றேன்.

உறிஞ்சினாள்.

"இன்னும் நல்லா."

கடலை பிடித்திருந்த விரலாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, தோளைத் தூக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். முகம் கோணியது. "டீச்சர், கடல உள்ள போயிருச்சு" என்றாள்.

தரையைப் பார்த்தேன். அவள் அடுக்கியிருந்த எழுத்தில் ஒரு கடலை இடம் காலியாக இருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், வலது மூக்கின் ஆழத்தில் வெளிறிய உருண்டை. கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன். பக்கத்தில் நின்ற ஆயாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சர். கை இம்புட்டு நடுங்குது. பிள்ள கண்ணக் குத்திருவீய."

எங்கள் ஊரில் காது மூக்கு பார்க்கிற டாக்டர் அன்று இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டோம். வாயால் மூச்சு விடட்டும், அழ விடாதீர்கள், படுக்க வைக்காதீர்கள், மூக்கால் இழுக்க மட்டும் விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டால் ஆபத்து என்றார்கள். பிள்ளையின் அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அங்கேயும் போன் போட்டுச் சொன்னேன். "நீங்க கூட்டிட்டுப் போங்க டீச்சர், நான் பஸ் புடிச்சு வந்துருதேன்" என்றாள். குரலில் பதற்றத்தைவிட நம்பிக்கை அதிகம் இருந்தது.

ஆட்டோவில் நானும் அவளும். இரவு ஊறப்போட்ட கடலை காலையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஈரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அது நிமிடத்துக்கு நிமிடம் பருப்பதாகவே பட்டது. ஆட்டோ குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கடலை இன்னும் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன். டிரைவர் நிதானமாக ஓட்டினால் நேரமாகிறதே என்று பயம், விரட்டினால் குலுங்குகிறதே என்று பயம். அவரை இரண்டுக்கும் திட்டினேன்.

பாதி வழியில் பிள்ளைக்குக் கண் செருகியது. தூங்கினால் வாய் மூடிவிடும். வேறொன்றும் தோன்றாமல் அவள் உள்ளங்கையில் விரலால் ட எழுதினேன்.

"ட்" என்றாள். வாய் திறந்திருந்தது.

ப எழுதினேன். "ப்."

மறுபடி ட. மறுபடி ப. அவளுக்குச் சலித்துவிட்டது. "அடுத்தது ம தான டீச்சர்?" என்று கேட்டு, அவளே என் கையைப் பிடித்து எழுத ஆரம்பித்தாள்.

ப் சொன்னால் உதடு உடனே திறந்துவிடும்; ம் சொல்ல மூடியே வைத்திருக்க வேண்டும். மூடினால் மூக்கால் இழுப்பாள். அதுவும் டீச்சருக்குக் காட்ட வேண்டும் என்று நன்றாகவே இழுப்பாள். அவள் விரலை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு அதுக்கு லீவு" என்றேன்.

"லீவா?" சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. நான் அழுதால் அவளும் அழுவாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் இடத்திலுள்ள மடவார் வளாகம் கோயிலைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ட, ப, ட, ப என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

டாக்டருக்கு இரண்டு நிமிட வேலை. நான் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நுனி வளைந்த சின்னக் கம்பியை விட்டு இழுத்தார். கடலை கொஞ்சம் ரத்தத்தோடு தட்டில் விழுந்தது. பிள்ளை வீறிட்டது. அந்த அழுகை என் காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

பிள்ளையின் அம்மா ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்ல வேள நீங்க பாத்தீய டீச்சர். இல்லன்னா எம்பிள்ள என்ன ஆயிருக்கும்?"

பேசாமல் இருந்திருக்கலாம். வேலை போகும், பேர் கெடும், எல்லாம் தெரியும்.

"கடலை கொடுத்தது நான். மூக்கை உறிஞ்சச் சொன்னதும் நான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னேன்" என்றேன்.

அவள் கை தளர்ந்தது. என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"டீச்சர் என்ன சொன்னாலும் தட்டாம செய்யணும்னு நாந்தான தெனமும் சொல்லி அனுப்புதேன்" என்றாள்.

பிள்ளை மறுநாளே வகுப்புக்கு வந்தாள். கடலையை மூட்டை கட்டியாயிற்று, இப்போது மணலில் எழுதுகிறோம். ஆட்டோவில் பட்ட பயமெல்லாம் அந்தக் கிளினிக்கோடு போனது. அந்த அம்மா சொன்னது மட்டும் போகவில்லை. முப்பது பிள்ளைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.