தண்ணீருக்குள் சரியாகிற கால்

திரேஸ்புரத்துக் கிங்ஸ்டனுக்கு முதலில் மரத்தது வலது கால். சங்கு குளிக்கிறவர்களுக்குக் கால் மரத்தால் ஆஸ்பத்திரி நினைப்பே வராது. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியதில் ரத்தத்தில் காற்று நின்றுவிட்டது என்பார்கள். அதற்கு வள்ளத்தில் ஒரே வைத்தியம்தான். கம்ப்ரசர் காற்று வருகிற டியூப்பை வாயில் கொடுத்து, ஏறி வந்த ஆழத்துக்கே மறுபடி இறக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து மெல்ல மெல்லத் தூக்குவார்கள். பிழைத்தவர்கள் அந்த வைத்தியத்தைப் புகழ்வார்கள். பிழைக்காதவர்கள் வந்து குறை சொல்லப் போவதில்லை.

கிங்ஸ்டனையும் பவுல் அப்படித்தான் இறக்கினான். பவுல் கிங்ஸ்டனின் மனைவி தேவகனிக்கு அண்ணன், வள்ளம் அவனுடையது. எட்டுப் பாகத்தில், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில், கால் தெளிந்தது. அடுத்த மாதம் இடுப்புக்குக் கீழே மதமதவென்று இருந்தது. இறக்கினார்கள், சரியானது. மூன்றாவது தடவையும் அப்படியே. "மாப்ள உடம்பு கடலுக்குன்னே செஞ்சது" என்று பவுல் கரையெல்லாம் பெருமையடித்தான். ஏறி வந்து வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மறுபடி மரத்துப் போகிறது என்பதை மட்டும் கிங்ஸ்டன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இடது கண் மங்கியபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. கண்ணில் காற்று நிற்கும் என்று சொல்லப் பவுலுக்கே துணிச்சல் வரவில்லை. தேவகனி புருஷனைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, டாக்டர் சண்முகப்ரியா நோயின் பெயரைச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

"கரண்டு ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கும்ல, அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அதைப் பகையாளின்னு நினைச்சு அரிக்குது."

தேவகனி நோட்டுத் தாளில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றைக்கூட விடாமல் கேட்டாள். "ஒட்டுமா டாக்டரம்மா? ஒரே தட்டுல சாப்பிடுதோம்."

"ஒட்டவே ஒட்டாது."

"பிள்ளைக்கு வருமா?" அவளுக்கு அப்போது நாலாம் மாதம்.

"மத்த பிள்ளைங்களை விட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனா நூத்துக்குத் தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டுப் பேருக்கு வராது. பயப்படாம பெத்துக்கோங்க."

அடியோடு குணமாகாது, ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார். உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் நிறுத்தக் கூடாது. படுக்கையில் விழுந்துவிடுவோம் என்று இப்போதே அழ வேண்டாம், எத்தனையோ பேர் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்தியம் கிடையாது, மீன் தாராளமாகச் சாப்பிடலாம், பீடியை மட்டும் விட்டே ஆக வேண்டும்.

கிங்ஸ்டன் கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணிக்குள்ள எறங்குனா மட்டும் எப்படி டாக்டர் சரியாவுது?"

"இந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடானா மரத்துப்போறது கூடும். குளிர்ந்தா குறையும். உங்களைச் சரியாக்கினது ஆழம் இல்லை, தண்ணியோட குளிர்ச்சி. நிஜமாவே காத்து அடைச்ச ஆளை இப்படித் திரும்ப இறக்கினா உயிரே போயிடலாம். ஆக்ஸிஜன் வச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." அவர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். "நீங்களும் இனி இறங்காதீங்க. கீழ வச்சு கால் மரத்தா, நோயா காத்தான்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

கிங்ஸ்டன் தலையாட்டினான். பதினேழு வருஷமாகக் கடலுக்கடியில் சங்கு பொறுக்கியவன். வேறு தொழில் தெரியாது. நரம்பு நோய்க்காரனை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்? தேவகனியிடம் சத்தியம் வாங்கினான். "ஏளா, ஒங்க அண்ணனுக்கும் தெரியக்கூடாது. கண்ணுல அழுக்குத் தண்ணி பட்டுச்சுன்னு சொல்லிக்கிடலாம்."

"எத்தனை நாளைக்குங்க மறைப்பீய?" என்றாள். அவன் மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

ஏழு மாதம் கரையிலேயே இருந்தான், மாத்திரை தவறவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கண் தெளிந்தது, காலும் தேவலை. அவனுடைய இடத்தைப் பவுல் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். ஒரு நாள், கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள மட்டும் போகிறேன் என்று தேவகனியிடம் பொய் சொல்லிவிட்டு, இன்றைக்கு இறங்கியே தீர்வது என்று கிங்ஸ்டன் வள்ளம் ஏறினான்.

முதல் ஆளாக இறங்கினான் ஷாம். இருபத்தாறு வயசு, தொழிலுக்கு வந்து மூன்று வருஷம். கீழே டியூப் மடங்கி மூச்சு முட்டியதில் பதறி ஒரே மூச்சாக மேலே வந்துவிட்டான். வள்ளத்தில் தூக்கிப் போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு காலையும் அசைக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லலே, பயப்படாத" என்றான் பவுல். "காத்துதான். மறுபடி எறக்குவோம். கிங்ஸ்டனுக்கு மூணு தடவை கேட்டுச்சுல்ல?"

டியூப்பை எடுத்து வாயருகே கொண்டு போனார்கள். ஷாம் கிங்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒங்களுக்குச் சரியாச்சுல்லா? எனக்கும் ஆயிரும்லா?"

கிங்ஸ்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் மூடி வைத்த விஷயம் இன்னொருத்தன் உயிரைக் குடிக்கப் போகிறது. அந்த நொடியில் வள்ளத்தில் தன் இடத்தை நினைத்தான் என்பதும் உண்மை. அப்புறம் டியூப்பைப் பிடுங்கினான்.

"எறக்காதீய மச்சான்! எனக்கு வந்தது காத்தே இல்ல. நரம்புச் சீக்கு. ஏழு மாசமா மாத்திரை திங்கேன். தண்ணி குளுந்ததுல தெளிஞ்சுச்சு, அவ்வளவுதான். இவனை எறக்குனா செத்துருவான். கரைக்குத் திருப்புங்க!"

பவுல் ஒரு கணம் அவனை முறைத்தான். பிறகு எஞ்சினை முறுக்கினான். கரைக்கு ஃபோன் போட்டு ஆம்புலன்ஸ் வரச் சொன்னார்கள். துறையில் தயாராக நின்ற ஆம்புலன்ஸில் ஷாமுக்கு ஆக்ஸிஜன் வைத்து ஏற்றிப் போனார்கள்.

ஆறாம் நாள் ஷாமின் கால் விரல்கள் அசைந்தன. அவன் பெண்டாட்டி கிங்ஸ்டனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுக்குக் கூசியது. தன்னைக் கும்பிட என்ன இருக்கிறது? டாக்டர் சொன்ன அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால், இறக்குகிற பேச்சே வள்ளத்தில் எழுந்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் பவுல் காத்திருந்தான். ஆறு நாளாகப் பேசாதவன்.

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

"சொன்னா எடத்தை எடுத்திருவீயளே மச்சான்."

"எடுக்கத்தான் செய்வேன். எடுத்தாச்சு. திங்கக்கிழமையில இருந்து தருவைகுளத்துக்காரன் ஒருத்தன் ஒன் எடத்துல எறங்குதான்." பவுல் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். "கம்ப்ரசர் பக்கத்துல நின்னு டியூப்பைப் பாத்துக்கிட ஆள் வேணும். இனி ஒருத்தன் கால் மரத்து வந்தா என்ன செய்யணும்னு நம்மள்ல ஒனக்குத்தானே தெரியும்."

சரி, நிற்கிறேன் என்று சொல்லிவிடக் கிங்ஸ்டனுக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் இன்னொரு தடவை மறைக்க அவனால் முடியவில்லை.

"வெயில் எனக்கு ஆகாது மச்சான். ரொம்ப நேரம் நின்னா காலு போயிரும்."

பவுல் அவன் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"மேல தார்ப்பாய் கட்டிருதேன்" என்றான். "நிக்க முடியலன்னா உக்காந்து பாரு. ஆனா முடியலங்கிறதை வாயத் தொறந்து சொல்லணும்லே."

நோய் பெயரைக் கேட்ட நாளில்கூட அழாத கிங்ஸ்டன், ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் பார்க்க, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.