ஹண்டே பளபளத்தது, புகைக்குழாய் அடைத்தது

தீபாவளிக்கு முந்தின நாள் குளியலறை அடுப்பில் வெந்நீர் காயும் அண்டாவை, அதாவது ஹண்டேயைத் துலக்கி, நீர் நிரப்பிப் பூ வைப்பது மைசூர் வழக்கம். தமிழ்க் குடும்பமான நாங்களும் அதை எப்போதோ பிடித்துக்கொண்டோம். தெருவில் பாதி வீடுகள் சோலாருக்கு மாறிவிட்டன. விறகில் காய்ந்த வெந்நீருக்கு ஈடு கிடையாது என்று நான் மட்டும் இன்னும் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று செப்பு ஹண்டேயைப் புளி போட்டு நானே மினுக்கினேன். கூரைக்கு மேலே போகும் தகரப் புகைக்குழாயை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புகை உள்ளேயே திரும்புகிறது என்று ஆடியிலிருந்தே மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "விறகு ஈரமா இருக்குது" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். தினமும் அடுப்பு மூட்டி இருமுகிறவள் அவள். நான் குளிக்கப் போகும்போது தணல்தான் மிச்சமிருக்கும்.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாப்பிள்ளை குளிக்கப் போனார். அடுப்பு நிறைய விறகு எரிந்தது. குளிருமே என்று ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தேன், புத்திசாலி! கொஞ்ச நேரத்தில் ஒரே இருமல். துண்டோடு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறதாம். நல்லவேளை, காற்றாட இருந்ததில் தெளிந்துவிட்டார்.

அன்று மாலை, அடுப்பு நன்றாக ஆறியதும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூரையில் ஏறினேன். தேங்காய் நார்க் கட்டையும் ஒரு கல்லையும் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் மேலும் கீழும் இழுத்தேன். இறங்கி வந்து குழாயின் அடி வளைவைக் கழற்றினால், தார் போல ஒட்டிய கரி ஒரு சட்டி நிறைய வந்தது. எல்லாரிடமும் பெருமையாகக் காட்டினேன்.

மனைவி சட்டியைப் பார்த்தாள். "ஏனுங்க, மூணு மாசமா நான் இருமுனப்ப விறகு ஈரம். மாப்பிள்ளை ஒரு நா இருமுனதும் குழாயில அடைப்பாக்கும்?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது ஜன்னல் திறந்தே இருக்கிறது. குழாய்க்கு நான் நாள் பார்ப்பதில்லை. அவள் இருமினால் அடுப்பை ஆறவிட்டு ஏணியைத் தூக்கிவிடுகிறேன். போன வாரம் ரசத்தில் மிளகு தூக்கலாகிப் புரை ஏறியதாம். நான் கூரையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் சொன்னாள்.