கடைசியாகப் பார்த்த நாள்

எங்கள் வீட்டில் மலாய் மொழியில் ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், பள்ளி பஸ் தாமதமாக வந்தாலும் நான்தான் எழுத வேண்டும். அதனால் என் தம்பி தன் மகனைப் பார்க்க முடியாமல் தவித்தபோது, சட்டத்தை மாற்றச் சொல்லும் மனுவும் என் தலையில்தான் விழுந்தது.

தம்பி ரெங்கத்தில் இருக்கிறான். செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறான். மணமுறிவுக்குப் பிறகு ஆறு வயது மகன் தாயோடு ஸ்கூடாயில் இருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, அப்பாவோடு விட வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்த ஞாயிறும் பாதித் தடவை கிடைக்காது. ஒரு வாரம் டியூஷன், ஒரு வாரம் பிறந்தநாள் விருந்து, மற்ற வாரங்களில் காய்ச்சல். தம்பி ஸ்கூடாய் வரை போய், வாங்கிய விளையாட்டுச் சாமானைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்புவான். நேரே ஊருக்குப் போகாமல் மாசாயில் என் வீட்டுக்கு வந்து, தட்டில் மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா அவனுக்குக் காய்ச்சல் வரும்? அதுவும் பார்த்து ஞாயித்துக்கெழமைல?" என்று ஒரு தடவை கேட்டான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் கோபத்துக்கு நான் எப்போதுமே நல்ல தீனி போடுவேன்.

மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்களைப் போன்றவர்கள் கூடினோம். பத்துப் பதினைந்து அப்பாக்கள், அவர்களோடு வந்த அக்கா தங்கைகள் சிலர். பிரிந்த பிறகும் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு இரண்டு பேருக்கும் சமம் என்று சட்டமே சொல்ல வேண்டும், ஏதோ விருந்தாளி போல அப்பா வந்துபோகக் கூடாது, இதுதான் எங்கள் கோரிக்கை. கையெழுத்து வாங்கி, தொகுதி எம்.பி.யிடம் கொடுப்பதாக ஏற்பாடு. மூன்று ஞாயிறு உட்கார்ந்து மனுவை எழுதினேன். 'பிள்ளையின் நேரத்தை வைத்துப் பழிவாங்குவது அன்புமல்ல, நியாயமுமல்ல' என்று ஒரு வரி எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அப்பாக்கள் கைதட்டினார்கள். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதம் எழுதும் கிராணி. என் எழுத்துக்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய வீட்டுக்காரன் கை நீட்டுகிறவன், அது எங்கள் அலுவலகத்துக்கே தெரியும். அவள் மட்டும் கைதட்டவில்லை. "அடிக்கிறவனுக்கும் பாதியாக்கா?" என்று கேட்டாள். அது வேறு, அதற்குத் தனியாக ஒரு விதி சேர்க்கிறோம் என்றேன். சேர்க்கவும் சேர்த்தேன். "எது அடி, எது அடியில்லன்னு யார்க்கா சொல்றது?" என்றாள். நான் மனுவின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் இது விளங்காது.

எனக்குப் பத்து வயதில் ஒரு மகள். அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து ஆறு வருஷமாகிறது. அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், மகள் தூங்கிய பிறகு வீடு வருகிறவர். நான் சொன்னது எதுவும் அவர் காதில் நின்றதில்லை. பிரிந்த புதிதில் ஒரு நாள், நாலு வயது மகளை லாயாங் லாயாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனவர், சொன்ன நேரத்துக்குக் கொண்டுவரவில்லை. போனும் எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாவகாசமாக வந்து, "தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. போன்ல சார்ஜ் இல்ல" என்றார். அதுவரை நான் பட்ட பாட்டை எந்த மொழியிலும் எழுத என்னால் முடியாது. அன்றிலிருந்து பத்து என்றால் பத்து, ஐந்து என்றால் ஐந்து. எனக்கும் அதே கோர்ட் உத்தரவுதான், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. ஐந்துக்கு மேல் ஐந்து நிமிஷமாகிவிட்டால் போனில் கேட்டுவிடுவேன்.

பயத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் ஐந்து மணிக்கு அவர் வாசலில் நின்று மகளின் பையை நீட்டும்போது, உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். ஜெயித்தவளின் சந்தோஷம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"உன் கேஸ் வேற, என் கேஸ் வேறக்கா" என்று தம்பி சொல்வான். நானும் ஆமாம் என்பேன். மகளின் பள்ளி விளையாட்டுப் போட்டியில் அப்பாவோடு ஓடும் ஓட்டத்துக்குத் தம்பியைத்தான் அனுப்பினேன். தாய்மாமன் அப்பாவுக்குச் சமம் என்று ஆசிரியையிடம் சொன்னேன். இரண்டாவது வந்தார்கள். தம்பியின் மகன் படிக்கும் பள்ளியில் அந்த ஓட்டத்தை யார் ஓடுகிறார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கையெழுத்து வாங்க ஒரு ஞாயிறு குறித்தோம். கோயில் மண்டபத்தில், பூசை முடிந்து அன்னதானம் நடக்கும் நேரம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பும் நான் எழுதியதுதான். ஆளுக்கு ஒரு தாளாக அடித்த பாரத்தில் பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், கையெழுத்து, இவற்றோடு நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன். 'பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த நாள்.' அது முழுக்க முழுக்க என் யோசனை. எம்.பி. மற்றதைப் படிக்காவிட்டாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு, மகளின் அப்பாவுடைய ஞாயிறு.

அது சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது. கையெழுத்து வாங்கும் மேசையில் நான் காலையிலிருந்து உட்கார வேண்டும், அவர் பத்து மணிக்கு வருவார், கூட்டத்துக்கு நடுவில் பையைத் தேடு, சட்டையைத் தேடு என்று ஓட வேண்டும். அதெல்லாம் சாக்கு. மகள் என்னோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். போனை எடுத்து, 'பிள்ளைக்குக் காய்ச்சல். இந்த வாரம் வேண்டாம்' என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு மறுபடி பாரங்களை எண்ண உட்கார்ந்தேன். அந்த இரண்டு காரியத்தையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் எப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் எனக்குப் புரிவதில்லை. மனசு ஒரு சின்ன முள்ளைக்கூட உணரவில்லை.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். மகள் ஒரு பிஸ்கட் டின்னில் பேனாக்களைப் போட்டு, வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்தை எல்லாரும் சட்டென்று போட்டார்கள். நான்காவது கட்டத்தில்தான் பேனா நின்றது. ஒருவர் 'போன தீபாவளி' என்று எழுதினார். ஒருவர், எப்போது பார்த்தேன், ஞாபகம் இல்லையே என்று மனைவியைக் கேட்பது போல என்னைக் கேட்டார். எத்தனை கல் நெஞ்சுக்காரிகள் இந்த ஊரில் என்று நினைத்தேன்.

வரிசையில் ஐந்தாவதாக ஒரு நீலச் சட்டை. நான் வாங்கிக் கொடுத்த சட்டை. நிமிர்ந்து பார்த்தேன், மகளின் அப்பா நின்றிருந்தார். வாட்ஸ்அப் அறிவிப்பு அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தம்பியைத் தேடினேன். அவன் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். எழுந்து போகலாமா, மகளை எங்காவது அனுப்பலாமா என்று நினைப்பதற்குள் அவர் மேசைக்கு வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குனிந்து, ரொம்ப மெதுவாக, "காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார். நம்பியிருந்திருக்கிறார்.

மகளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்பா வேலையாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"விட்டுடுச்சுப்பா. காலைலதான்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் நெற்றியைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பேனாவை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பூமி பிளக்கட்டும் என்று சொல்வார்களே, அந்த வெட்கம்.

அவர் பெயர் எழுதினார், ஐசி நம்பர் எழுதினார், கையெழுத்துப் போட்டார். நான்காவது கட்டத்தில் மற்றவர்களைப் போல அவரும் கொஞ்சம் நின்றார். பிறகு 'ஹரி இனி' என்று மலாயில் எழுதினார். இன்று.

"பந்தியில ஒண்ணா சாப்பிட்டுட்டு, கொஞ்சம் வெளில கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துத்தான் கேட்டார். என் முன்னால் நான் எழுதிய மனு இருக்கிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும்? எவ்வளவோ சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க."

"சரி" என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாம்பார் வாளியோடு தம்பி ஓடி வந்தான். "அக்கா, எங்க பிள்ளை? அந்த ஆள்கூடவா அனுப்பின? உனக்கென்ன பைத்தியமா?"

அவனை உட்காரச் சொல்லி, காய்ச்சல் விஷயத்தைச் சொன்னேன். அவன் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"காய்ச்சல்னா சொன்ன?" என்றான்.

"ஆமாடா."

"நீயுமா?" என்றான். அப்புறம், "அப்படின்னா அவளும் உன்ன மாதிரி பயந்துகிட்டுத்தான் சொல்லியிருப்பாளா? இல்ல வேணும்னே செய்றாளா?"

"தெரியலடா" என்றேன். பயமும் வேணும்னே செய்வதும் எனக்குள்ளேயே பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தன. ஸ்கூடாயில் இருக்கும் ஒருத்தியைப் பற்றி நான் என்ன சொல்வேன்? ஊருக்குத்தான் உபதேசம் என்று யாராவது சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தம்பி சிரிக்கவில்லை. போய் மறுபடி சாம்பார் ஊற்றினான்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. பாரங்களை அடுக்கினேன். அவருடைய தாளை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்த 'இன்று' எங்கள் மனுவுக்கு உதவுமா, கெடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பாதி நாள் என்று கேட்டு எழுதியவள் நான். நாளைக்கே சட்டம் வந்தால், வாரத்தில் மூன்று நாள் மகள் இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து வர வேண்டியவளும் நான்தான். அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றது மனசு. தம்பி ஸ்கூடாய் கேட்டில் மாட்டிவிட்டு வரும் விளையாட்டுச் சாமானை நினைத்தேன். வேண்டும் என்றது. இரண்டும் என் மனசுதான். அந்தத் தாளைக் கட்டின் நடுவில் செருகிவிட்டுக் கயிறு கட்டினேன்.

நாலே முக்காலுக்கே அவர் மகளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். எனக்காக நிற்கவில்லை. அவள் கையில் ஐஸ்கிரீம் பிசுபிசுப்பு. மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என்ன சாப்பிட்டாய், எங்கே போனீர்கள் என்று கேட்க நினைத்தேன். வழக்கமாகத் துருவித் துருவிக் கேட்பேன். அன்றைக்குச் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

பெரிய சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது. மகள் ஹெல்மெட்டை என் முதுகில் சாய்த்து, காதுக்குப் பக்கத்தில் வந்தாள். கோபமே இல்லாத குரல். வீட்டுப்பாடம் பற்றிப் பேசும் குரல்.

"அம்மா, இனிமே எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்கன்னா, முன்னாடியே எங்கிட்டயும் சொல்லிடுங்கம்மா. இன்னிக்கு நான் டக்குன்னு புரிஞ்சிக்கிட்டேன். இல்லாட்டி மாட்டியிருப்பீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தினமும் போய்வரும் வழிதான், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.