கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பீரோ

அண்ணிக்கு உட்கார்ந்து படித்தால் எதுவும் மனத்தில் நிற்காது, நடந்தால்தான் நிற்கும். கடைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவார். ஜன்னலைத் தொட்டால் சோப்பு நினைவுக்கு வரும், கதவைத் தொட்டால் உப்பு. அவர் கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு சாமான்கூட விட்டுப்போனதில்லை.

அவருக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இடத்தில் வேலை. நீராவியில் நின்று நின்று இரண்டு கையும் வெந்த மாதிரி இருக்கும். வார்டு உதவியாளர் வேலைக்கு வாய்மொழித் தேர்வு என்றதும் பெயர் கொடுத்துவிட்டார். இதயத்துக்குள் ரத்தம் எப்படிப் போகிறது என்று கட்டாயம் கேட்பார்களாம். தப்பாகச் சொன்னால் திரும்பவும் நீராவிதான்.

எங்கள் வீட்டில் நான்கே அறைகள். பின்பக்கம் அம்மாவின் அறையும் படுக்கையறையும். முன்பக்கம் கூடமும் சமையலறையும். ஒருநாள் அண்ணி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தி, பீரோவை முட்டுக் கொடுத்துவிட்டார்.

“என்னம்மா இது, வழியை அடைக்கிறே?” என்றார் அம்மா.

“இதயத்துல வலதுக்கும் இடதுக்கும் நடுவுல சுவர்தான் அத்தை. வழி இருந்தா அது வியாதி.”

அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் ரத்தம். வெளியிலிருந்து வருகிறவர் கெட்ட ரத்தம். பின்வாசல் வழியாக அம்மாவின் அறை, அதாவது வலது மேலறை. அடுத்து கூடம், வலது கீழறை. அங்கிருந்து வெளியே போய் மொட்டை மாடி ஏற வேண்டும். அது நுரையீரல். காற்று வாங்கி, நல்ல ரத்தமாக இறங்கி, படுக்கையறை வழியாகச் சமையலறை, அங்கிருந்து தெரு. எந்தக் கதவிலும் திரும்பி வரக்கூடாது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தன் அறையில் மறந்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டால், மாடி, சமையலறை, தெரு எல்லாம் சுற்றித்தான் அதை எடுக்க முடியும்.

அண்ணன் பசியோடு கூடத்தில் நின்று கத்துவார். “சாப்பாட்டு வாசம் இங்க வருது. நான் எதுக்குடி மாடிக்குப் போகணும்?”

“நீங்க இன்னும் கெட்ட ரத்தம். போய் மூச்சு விட்டுட்டு வாங்க.”

“கட்டின புருஷனைக் கெட்ட ரத்தம்னு சொல்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

தேர்வுக்கு முந்தின நாள் நல்ல மழை. அண்ணன் நனைய மனமில்லாமல் பீரோவைத் தோளால் தள்ளி, இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் புகுந்து, தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படுக்கையறைப் பக்கமிருந்து வந்த அண்ணி அதைப் பார்த்து அப்படியே நின்றார். அவர் கண் தட்டுக்கும் பீரோ இடுக்குக்கும் மாறி மாறிப் போனது.

மறுநாள் தேர்வில் நடந்ததை அண்ணியே வந்து சொன்னார். வலது கீழறை வரை பதில் சரியாகத்தான் போயிருக்கிறது. அதற்குமேல் கண்ணை மூடினால் அண்ணன் சுவருக்குள் புகுந்து தட்டை எடுக்கிறார்.

“அங்கேர்ந்து நேரா இடது பக்கம் போயிடும்” என்று சொல்லிவிட்டார்.

“அப்படிப் போனா இதயத்துல ஓட்டைன்னு அர்த்தம். அதுக்கு என்ன பண்ணணும்?” என்று கேட்டிருக்கிறார் தேர்வு வைத்த டாக்டரம்மா.

“பீரோவைப் பழையபடி தள்ளி வச்சா சரியாயிடும் டாக்டர்.”

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டாராம்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணியின் கையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய்ப் பீரோவை இடத்தில் தள்ளி வைத்தார். “அடுத்த தேர்வு எப்போ?” என்று மட்டும் கேட்டார்.

அது வருகிற மாதம். அண்ணி இன்னும் துணி துவைக்கும் இடத்தில்தான் இருக்கிறார். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டுத்தான் சாப்பிட வருகிறார்.