பந்தலில் நான் வெட்டிய வாசல்

பூதப்பாண்டிச் சந்தைக்குக் கொட்டகை போட்டவன் நான். அருமனைப் பக்கம், அட்டை கடிக்கக் கடிக்க நின்று ரப்பர்த் தோட்டத்துக்கு ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைப்புரை கட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன வரும் என்று சிரித்தவர்கள் பார்த்திருக்க, மயிலாடிக் கல் இறக்கி மாடிவீடு எழுப்பினேன். இதையெல்லாம் எவரும் எழுத வேண்டாம். ஆனால் அமெரிக்கப் பேராசிரியரின் தடித்த புத்தகத்தில் ஒரு பந்தலின் படம் இருக்கிறதே, அதை மட்டும் விடமாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கும்பப்பூ நெல் அறுத்த வயலில் எங்கள் சபைக்கு எழுப்புதல் கூட்டம் நடத்த ஓர் அமெரிக்கப் பிரசங்கியார் வந்தார். தம் நாட்டுச் சமய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பேராசிரியரும் கூட வந்தார். வெயிலில் வெந்த மூக்கு, கழுத்தில் காமிரா. அமெரிக்காவில் குடியானவர்கள் அறுப்பு முடிந்ததும் வண்டி கட்டிக் காட்டுக்குள் போய்த் தங்கி, பாடி, அழுது, மனந்திரும்புவதை அவர் சொன்னால் கண்முன் தெரியும். எங்கள் சபை உபதேசியார் தமிழாக்க, நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன். நல்ல மனிதர். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

பந்தலுக்கு வரைபடம் கொடுத்தவர் பிரசங்கியார். மேடைக்கு எதிரே ஒற்றை வாசல். நடுவே ஒரே பாதை. முதல் நாள் அவர் தொண்டை கிழியப் பேசி, "மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைத்தார். ஆண்கள் சிலர் போனார்கள். பெண்கள் முக்காட்டுக்குள் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. இங்கே ஜனங்களுக்குக் கல்நெஞ்சு, நாளையோடு பந்தலைப் பிரித்துவிடலாம் என்றார் அவர்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

"கல்நெஞ்சா? கேட்டியளா, உங்க அப்பாவும் அண்ணனும் மொத வரிசையில சம்மணம் போட்டு இருக்காவ. அவிய மூஞ்சிக்கு முன்னால நான் எப்படி நடந்து போவேன்? அந்தத் தொரைக்குப் பொண்டாட்டி உண்டா இல்லியா?"

விடிந்ததும் வெட்டுக்கத்தியோடு போனேன். பெண்கள் பக்கத்து ஓலைத்தட்டியை அறுத்து மேடையோரமாக ஒரு வாசல் திறந்தேன். பெண்கள் பழைய வாசலால் வெளியே இறங்கி, தட்டியின் மறைவிலேயே நடந்து, அதன் வழியே மேடையடிக்கு வரலாம். உபதேசியார் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"வேய், துரை போட்ட படத்த வெட்டுதீரே! உமக்குக் கிறுக்கா?"

"துரைக்கு மாமனார் இங்கயா இருக்காரு? தள்ளி நில்லும்."

அன்று மாலை என் மனைவி முதலில் எழுந்தாள். பிறகு பெண்கள் வந்தார்கள், குளக்கரை உடைந்த மாதிரி. பிரசங்கியார் மேடையில் முழங்காலிட்டு அழுதார். பேராசிரியர் அந்த வாசலைப் படம் பிடித்தார். என்னை உட்காரவைத்து, எதற்கு வெட்டினாய் என்று கேட்டு, முழுதும் எழுதிக்கொண்டார். என் தோளைத் தட்டினார்.

புத்தகம் வந்தது. கல்லூரியில் பாடம் நடத்தும் என் மகள் படித்துச் சொன்னாள்: அமெரிக்கக் கூட்ட மைதானத்தின் அமைப்பே இந்தப் பெண்களை விடுவித்ததாம், பிரசங்கியாரின் வரைபடத்தில் பக்கவாசல் இருந்ததாம், உபதேசியார் அதை நிறைவேற்றினாராம். வெட்டாதே என்று கையைப் பிடித்தவர் நிறைவேற்றினாராம்! நான் 'உள்ளூர் வேலையாட்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் கிடக்கிறேன். மகளைக்கொண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாம் பதிப்பு வந்தது. அதே பொய், நல்ல காகிதத்தில்.

"அம்மா பேரும்தான் இல்லப்பா," என்றாள் மகள். அவள் சொன்னதும் சரி. அவள் அம்மா இப்போது கல்லறையில்; கேட்க நான்தான் இருக்கிறேன்.

பந்தலை அந்த வாரமே பிரித்தோம். வயலில் எத்தனையோ பூ நெல் விளைந்துவிட்டது. படத்தில் மட்டும் வாசல் இருக்கிறது. ஓலை கோணலாக அறுபட்டிருப்பதைக் கண்ணுள்ளவர்கள் பார்க்கலாம். வரைபடத்தில் இருந்த வாசல் அப்படியா இருக்கும்? என் கத்தி அறுத்த ஓலை அது. அடுத்த பதிப்பில் அதன் அடியில் எழுதுங்கள்: காரணம் சொன்னவள் இன்னாள், வெட்டியவன் இன்னான் என்று. எங்கள் பெயர்களை என் மகள் எழுத்துக்கூட்டித் தருவாள்.