இந்தப் பக்கம் செல்லாத சான்றிதழ்

மல்லசமுத்திரத்தை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பருத்தி மூட்டை தூக்கும் வேலை அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. திருச்செங்கோட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்.

பதினொன்றரை மணி வெயிலில் ஒரு தகப்பனும் மகளும் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நானும் கை கொடுத்தேன்; வேலை தேடிப் போவதைச் சொன்னேன். தகப்பன் சுக்ராம், சத்தீஸ்கரின் கோண்டு பழங்குடி. பதினெட்டு வருடமாகத் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் துளைபோடும் இரும்பு ராடு மாட்டுகிறவர். மகள் மீனா இங்கேயே பிறந்து பிளஸ் டூ முடித்தவள்.

"சேலத்துக்கு நர்சிங் சீட்டு கேக்கப் போனோமுங்க," என்றாள். "அப்பாவோட பழங்குடி சர்டிபிகேட் சத்தீஸ்கர்ல குடுத்ததுங்கறதால இங்க செல்லாதாமா. மத்திய சர்க்கார் காலேஜுன்னா செல்லுமாம். பொதுப் பிரிவுல நின்னா என்ற மார்க் பத்தாதுங்க."

சுக்ராம் லேமினேட் செய்த தாளை எடுத்துக் காட்டினார். மண் படாமலிருக்க இரண்டு உறை போட்டிருந்தார். "நாடு ஒண்ணுதானே சாமி? அதான் பத்திரமா வெச்சிருந்தேன்."

"என்ற பஸ் பாஸே ஊட்டுலருந்து பள்ளிக்கூடம் வரைக்குந்தான். உன்ற தாளு இத்தன தூரம் வருமாப்பா?" என்று மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

முன்பு மலேசியாவில், கிள்ளானில், மூன்று வருடம் கிடங்கு வேலை பார்த்தேன். என் மேஸ்திரி அங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறைத் தமிழர். அங்கே கல்விச் சலுகை மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். பெரும்பான்மையான மலாய்க்காரர்களே அதிகம் பெறுகிறார்கள். மேஸ்திரியின் மகன் கல்லூரியில் கேட்ட இடம் கிடைக்காமல் லாரி ஓட்டப் போனான். 'எங்கள் நாட்டில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள்' என்று அவரிடம் பெருமை பேசியிருக்கிறேன். சுக்ராமிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பஞ்சர் கடையில் நூற்றிருபது ரூபாய். டியூப் ஒட்டி முடிந்ததும் சுக்ராம் தாளை மறுபடி உறைக்குள் வைத்தார். பிறகு, "ஊருக்குப் போலாம். அங்க இது செல்லும்," என்றார்.

"அங்க இந்தியில படிக்கோணுமே. எனக்கு ஒரு எழுத்துந் தெரியாதுப்பா."

"நான் வந்தப்ப எனக்குத் தமிழ் தெரிஞ்சுதா?"

மீனா ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ரயிலுங்க. லாரியில என்ற எடம் காலி. வாரீங்களா?"

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போர்வெல் லாரியில் ஏறினேன். டிரைவர் சுக்ராமின் ஹெல்மெட்டைக் கொடுத்தார். வேறு யாரும் எடுத்துவிடாதபடி உள்ளே மீனா பேனாவால் எழுதியிருந்தாள்: 'சுக்ராம், திருச்செங்கோடு.' அதை மாட்டிக்கொண்டு முதல் ராடைத் தூக்கினேன்.