மேல்கம்பிக்கு எட்டாத கை

பிள்ளைகளே, என் மகனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது நைனா, என் பேரு மட்டும் போட்டுடாத" என்றான்.

எட்டு வயதில் அவன் மடமடவென்று வளர்ந்தான். புதுக் கால்சட்டை வாங்கின கொஞ்ச நாளிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். நெற்றியில் பரு, மேலுதட்டில் கறுப்பு. சட்டையைத் துவைக்க எடுத்தால் பெரிய ஆள் வியர்வை நாற்றம். நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். "உன் புள்ள சிங்கம் மாதிரி கீறான்பா" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு உச்சி குளிரும்.

அவனுக்கு உயிர் கால்பந்து. அவன்தான் கோல்கீப்பர். பத்து வயதுக்குள்ளான பையன்கள் போட்டியில் எதிர் டீம்காரர் ஒருவர் கத்தினார்: "யோவ், மீசை வச்ச ஆளை இட்டுகினு வந்து பத்து வயசுன்றியே, நாங்க இன்னா லூசா?"

எங்கள் பக்க மைதானங்களில் வயதைக் குறைத்துச் சொல்லி ஆள் இறக்குவது சகஜம். அதனால் அவர்களுக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. "ஆதார் கீது, நல்லா பாத்துக்கோ" என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவனை ஆடவிட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். வயது நிஜமென்றால் மீசை எதற்கு வந்தது என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவன் அம்மாவுக்குத் தோன்றியது. "டாக்டராண்ட காட்லாம்யா. குரலே மாறிப்போச்சு."

"ஆம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு டாக்டரு?" என்றேன். பெண் பிள்ளை சீக்கிரம் வயதுக்கு வந்தால் தெருவே பேசும். பையனுக்கும் அப்படி ஒன்று உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

வகுப்பில் அவனை 'அங்கிள்' என்றார்கள். அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

பதினோரு வயதில் வளர்த்தி நின்றுபோன மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்புக்குப் பதினஞ்சு வயசு ஆயிடுச்சு. வளர்ற இடம் மூடிட்டு வருது. எட்டு வயசுல வந்திருந்தா, சீக்கிரம் வயசுக்கு வர்றத ஊசி போட்டு நிறுத்திப் பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். தலையில் கட்டி இருந்தாலும் இப்படி வருமாம். ஸ்கேனில் அப்படி ஏதுமில்லை. அதற்குக்கூட என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

"இனிமே வளரவே மாட்டனா டாக்டர்?" என்று மகன் கேட்டான்.

"கொஞ்சம் வளருவே" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

பையன்களே, ஒன்பது வயதுக்கு முன்னால் குரல் தடித்தாலோ, மீசையோ மறைவிடத்தில் முடியோ வந்தாலோ, விதை பெரிதானாலோ, திடீரென்று உயரமானாலோ வீட்டில் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உங்கள் தப்பும் இல்லை. குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அப்பா சிரித்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால் டீச்சரிடம் சொல்லுங்கள்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று. அன்று அவன் தோளுக்கு நின்றவர்கள் எல்லாம் அவனைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இப்போது ஆடுவது பெரியவர்களுக்கான உயரமான கோலில். அதில் கீப்பராக வேறு பையன் நிற்கிறான்.

போன ஞாயிறு ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்தக் கோலின் மேல்கம்பிக்குக் கீழே போய் நின்று எம்பினான். கை எட்டவில்லை. மறுபடி எம்பினான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்றான், அந்தப் பெரிய ஆள் குரலில்.